திருகோணமலை: மாகாணத் தலைநகரின் மையம் எங்கே இருக்கிறது?

கேள்வி: பருத்தித்துறைக் கணக்காளர்

வணக்கம். வரும் தை மாதத்திலிருந்து திருகோணமலையில் உள்ள அலுவலகம் ஒன்றில் கடமையாற்றும்படி எனக்கு இடமாற்றக் கடிதம் வந்திருக்கிறது. கணவர் கொழும்பில் வேலை செய்வதால், அம்மாவையும் ஏழாம் தரத்தில் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு நான்தான் அங்கே குடியேற வேண்டும். நான்கைந்து ஆண்டுகளாவது இருக்க நேரிடும் என்றே தோன்றுகிறது.

கூட்டங்களுக்காகச் சில தடவைகள் வந்துபோயிருக்கிறேன். ஆனால் அந்த ஊரை எந்த இடத்திலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்குவது என்பது இன்னும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் பேருந்து நிலையமும் சந்தையும் நூலகமும் கோட்டையும் பெரியாஸ்பத்திரியும் கால்நடையாகப் போய்வரும் தூரத்துக்குள் அடங்கிவிடும்; கண்டியில் வாவியைச் சுற்றி நடந்தாலே ஊரின் முகம் தெரிந்துவிடும். திருகோணமலையிலோ மாகாண அலுவலகங்கள் உவர்மலையிலும் வரோதயநகரிலும் உட்துறைமுக வீதியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை இராணுவம் இருக்கும் கோட்டைக்குள் புகுந்து செல்கிறது. இயற்கைத் துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் படித்த துறைமுகத்தின் பெரும்பகுதி மதிலுக்கும் கம்பிவேலிக்கும் அப்பால் இருக்கிறது. வெளிநாட்டவர் வந்து தங்கும் கடற்கரைகளோ உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தனி உலகமாக இயங்குகின்றன.

கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் என்ற பெயர்ப்பலகையைத் தாண்டி, அங்குள்ள மக்களின் பண்பாடு எந்த இடத்தில், எந்தக் காலத்தில் வெளிப்படுகிறது என்பதே என் கேள்வி. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். குடியிருப்பவர் சொல்லக்கூடியதை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: உவர்மலை ஓய்வூதியர்

தங்கைக்கு வணக்கம். மாகாண நிர்வாகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் தேடும் மையம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தை வேண்டியவர்கள் மாறிமாறிப் பிடித்துவைத்திருந்த ஊர் இது. தலைநகரம் என்ற தகுதி மிகப் பிந்தி வந்து சேர்ந்தது. போர்த்துக்கேயர் 1620களின் தொடக்கத்தில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. 1782ஆம் ஆண்டில் மட்டும் ஆங்கிலேயரும் அவர்களுக்குப் பின் பிரெஞ்சுக்காரரும் ஒருவர்பின் ஒருவராக அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து, 1803இல் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயரிட்டு, நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து 1957இல்தான் தங்கள் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இத்தனை காலமும் உட்துறைமுகத்தைச் சுற்றியிருந்த நல்ல நிலம் முழுவதும் கடற்படைக்கே உரியதாக இருந்தது. எஞ்சிய நிலம், அதாவது ஒருபுறம் உட்துறைமுகமும் மறுபுறம் கோட்டை முனைக்கு இருமருங்கிலும் உள்ள இரண்டு குடாக்களும் நெருக்கும் கழுத்துப் போன்ற ஒடுங்கிய துண்டு, அதில்தான் ஊர்மக்கள் வீடும் கடையும் கோயிலும் பள்ளிவாசலும் கட்டிக்கொண்டார்கள். மூன்று பக்கமும் தண்ணீர் நிற்கும் நிலத்தில் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக ஊர் வளர வழியில்லை.

தலைநகரக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின்னர் 1988இல் இணைந்த வடக்கு–கிழக்கு மாகாணத்துக்குத் திருகோணமலை தலைநகராயிற்று. 1990இல் அதன் மாகாண சபை கலைந்த பின்னரும் ஆளுநரின் நிர்வாகம் இங்கேயே தொடர்ந்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2007 ஜனவரி முதலாம் திகதி மாகாணங்கள் பிரிந்தபோது இது கிழக்கின் தலைநகரமாக எஞ்சியது. அலுவலகங்களுக்கென்று ஒரு பகுதியைத் திட்டமிட்டு ஒதுக்கும் வசதி அந்த ஆண்டுகளில் எவருக்கும் இருக்கவில்லை. இடம் கிடைத்த இடத்தில் திணைக்களம் குடிபுகுந்தது. அவை சிதறிக் கிடப்பதன் மர்மம் இவ்வளவுதான்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நகரத் தமிழரின் ஆண்டு கோணேசர் கோயிலின் நாட்காட்டியால் நடக்கிறது. மகா சிவராத்திரியை அடுத்து வரும் நாட்களில் கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவார்கள். அந்த நாட்களில் மத்திய வீதியிலோ வடகரை வீதியிலோ நின்று பாருங்கள். படலையடியில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, கடையை அரைவாசி சாத்திவிட்டுக் காத்து நிற்பார்கள். பிறந்தநாள் முதல் வழக்குத் தீர்ப்பு வரை எல்லாவற்றுக்கும் மலைக்கு ஏறிப் போகும் சனம், அந்தச் சில நாட்களில் மட்டும் தங்கள் வாசலில் சுவாமியை வரவேற்கிறது. கோயில் கோட்டைக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது என்ற உங்கள் எண்ணம் அன்று மாறிவிடும். பங்குனியில் கொடியேறும் பெருந்திருவிழா இதைவிடப் பெரிதுதான். ஆயினும் ஊரின் குணம் நகர்வலத்தில்தான் கூடுதலாகத் தெரியும் என்பது என் கருத்து.

கோயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோட்டை வாசலில் நுழையும்போது எல்லோரும் மானைப் பார்ப்பார்களே ஒழிய வாயில் நிலையைப் பார்ப்பதில்லை. அங்கே இரட்டை மீன் சின்னமும், "முன்னே குளக்கோட்டன்" என்று பழைய மன்னன் ஒருவன் பெயரால் தொடங்குவதாகக் கூறப்படும் பாட்டின் சிதைந்த துண்டும் கல்லில் இருக்கின்றன. இடிப்புக்கு முன் அடியார்கள் புதைத்து மறைத்தவை என்று ஊரார் நம்பும் செப்புத் திருமேனிகள் 1950இல் நகருக்குள் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. கடலடியில் கிடந்த கோயில் தூண்களை 1956 அளவில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டார்கள். புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. எனவே நீங்கள் பார்க்கும் கட்டடம் என் வயதுக்கும் இளையது; திருஞானசம்பந்தர் "கோயிலுஞ் சுனையுங் கடலுடன் சூழ்ந்த கோணமா மலை" என்று பாடிய இடம் மட்டும் பழையது. மலை விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளைவரம் வேண்டுவோர் கட்டிய சின்னஞ்சிறு மரத்தொட்டில்கள் தொங்கும். அவற்றில் சிங்களப் பெயர் எழுதியவையும் இருக்கும். தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக வருவோர் இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவைப் பார்த்துவிட்டுத் தேங்காயும் உடைத்துப் போகிறார்கள்.

மாலை நேரத்தில் ஊர் கூடும் இடம் டச் பே கடற்கரை. அலுவலகம் விட்டவர்கள், ரியூசன் முடித்த பிள்ளைகள், பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் ஆச்சிகள், கச்சான் வறுப்பவர், இறால் வடை சுடுபவர் என்று ஆறு மணிக்கு அங்கே எல்லோரையும் காணலாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, வீடு திரும்ப வேண்டிய ஐந்து மாணவர்கள் அந்தக் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே விளக்கேற்றப்படுகிறது. தை மாதத்தில் வரப்போகிறவர் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மறுமொழி: திருக்கடலூரான்

ஐயா மலையைப் பற்றி எழுதிவிட்டார். நான் கடலைப் பற்றிச் சில வரிகள் எழுதுகிறேன்.

அக்கா, இங்கே ஆண்டை மாதத்தால் பிரிப்பதைவிடக் காற்றால் பிரிப்பதே பொருந்தும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளிக்கும், வெளிநாட்டவர் இல்லாமல் உப்புவெளி விடுதிகள் பாதி மூடிக்கிடக்கும், மீன் விலை ஏறும். பங்குனிக்குப் பின்னர் கடல் படியும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று மேற்கிலிருந்து நெருப்பாக வீசும். அந்தக் காலத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியே நடமாடுபவர் வெளியூரார் என்று அறிந்துகொள்ளலாம்.

கடல் படிந்த மாதங்களில் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு வலைக்கும் உரிய கரைத்துண்டைப் பாடு என்போம். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்ததும், கயிற்றின் இரு நுனிகளிலும் ஆட்கள் பிரிந்து நின்று, ஒரு தரப்பு மற்றத் தரப்பை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இழுப்பார்கள். மடி கரைக்கு நெருங்கும்போது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தாலே அன்றைய மீன்பாடு தெரியும். முன்பு அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடி இழுத்தோம். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுப்பதால் பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆட்கூலி மிச்சம் என்று சம்மாட்டிமாருக்கு மகிழ்ச்சி, எங்களுக்கு இல்லை. நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல் கயிற்றில் ஒரு கை கொடுத்தால் கறிக்குக் கொஞ்சம் சூடை மீனோ கீரி மீனோ கையில் தந்தனுப்புவார்கள். உங்கள் மகனுக்கு அந்த அனுபவம் பிடிக்கும்.

மான்களைப் பற்றி ஐயா ஒரு சொல்லோடு விட்டுவிட்டார். கோட்டைக்குள் மட்டுமன்றிப் பேருந்து நிலையம், மைதானம், கடற்கரை எங்கும் புள்ளிமான்கள் மாடு மாதிரித் திரியும். வெளியூரார் அழகென்று பிஸ்கட்டைப் பொலித்தீன் உறையோடு நீட்டிவிடுகிறார்கள். குப்பையைத் தின்று அவை சாகின்றன. வீட்டு வாசலில் குப்பைப் பையை இரவில் வைக்காதீர்கள்.

மறுமொழி: கிண்ணியா ஆசிரியை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உவர்மலை ஐயாவின் எழுத்தை மிகுந்த மதிப்போடு வாசித்தேன். ஆனால் நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோட்டை முனையிலிருந்து மட்டக்களிக் கடவை வரைக்கும்தான் திருகோணமலை என்று எண்ணிக்கொள்வார்கள். சகோதரி நாளை அலுவலகக் கதிரையில் அமர்ந்ததும் அவருடைய மேசைக்கு வரும் கோப்புகளில் பெரும்பகுதி தண்ணீருக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 பேர் இருந்தனர். அவர்களுள் முஸ்லிம்கள் 40 வீதமளவிலும், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேலும், சிங்களவர் 27 வீதமளவிலும் இருந்தார்கள். எந்தச் சமூகமும் தனியே பாதிக்கு மேல் இல்லை. எல்லோருக்கும் எல்லோரும் தேவைப்படுகிறார்கள் என்பதை எங்கள் சந்தையில் அரை மணிநேரம் நின்றாலே காணலாம். மீனும் தயிரும் நெல்லும் மரக்கறியும் ஒரே ஆளின் கையில் இருப்பதில்லை.

கிண்ணியாவையும் மூதூரையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் கடவைகளிலிருந்து தொடங்குங்கள். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அந்த நீர்ப்பரப்பைக் கடக்க நாங்கள் பாதைக்காகக் காத்துக் கிடந்தோம். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. மூதூரார் கொட்டியாரக்குடாவின் குறுக்கே லோஞ்சில் நகருக்குப் போனார்கள். கல்யாணப் பேச்சு, வழக்கு, பிரசவம், பரீட்சை எல்லாமே கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்திருந்தது. இன்று மட்டக்களப்பு வீதியில் வரிசையாகப் பாலங்கள் வந்துவிட்டன. ஆயினும் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதியது முடிவடையாதிருந்த நிலையில், 2021 நவம்பரில் இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். மாகாணத் தலைநகரத்துக்கு இவ்வளவு அருகில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் அது நடந்தது. பாலம் பற்றிய கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் தாமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு என்ன சொல்ல.

பண்பாடு என்று கேட்டீர்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையைப் பெண்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. ஆகவே இங்கே ஒரு வளவுக்குள் தாய், பெரியம்மா, சின்னம்மா, சகோதரிகள் என்று பெண்களின் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெண் ஒருவர் தாயோடும் பிள்ளையோடும் வந்து குடியிருப்பதை இங்கே யாரும் புதினமாகப் பார்க்க மாட்டார்கள். உங்கள் அம்மாவுக்குப் பேச்சுத்துணை தேடியே வரும்.

எருமைத் தயிரைப் பற்றி எழுதாமல் விட்டால் ஊரார் கோபிப்பார்கள். மேய்ச்சல் நிலங்கள் சுருங்கி வந்தாலும் சட்டித்தயிர் இன்னும் இங்கிருந்து வெளியே போகிறது. சட்டியைச் சற்றே சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது, மேலே மஞ்சள் பூத்த ஆடை இருக்கும். தண்ணீர் ஓரத்தில் கசிந்தால் வாங்காதீர்கள். நோன்பு மாதத்தில் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசல்களில் கஞ்சி கொடுப்பார்கள். இனம் பார்த்துக் கொடுப்பதில்லை, ஏனத்தோடு வந்தால் போதும்.

உங்கள் மகன் வாசிக்கும் பழக்கம் உள்ளவராயின், மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்ற சிறுகதையை இங்கு வருவதற்கு முன்னரே வாசிக்கச் சொல்லுங்கள். 1660இல் கொட்டியாரத்தில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸின் கதையைக் கேட்டுத்தான் வெளியூரார் மூதூருக்கு வருகிறார்கள். எங்களுக்கு இராசரத்தினமே பெரியவர்.

கேள்வியாளர்: பருத்தித்துறைக் கணக்காளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிஞ்சாக்கேணி பற்றி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன்.

இரண்டு விடயங்களை மேலதிகமாகக் கேட்க விரும்புகிறேன். ஒன்று, என் அப்பா காலமாகிய பின்னர் கன்னியா வெந்நீரூற்றுகளில் அவருக்குரிய கடமை செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன் நடைமுறை எப்படி? மற்றது, மாவட்டத்தின் விகாரைகளும் கோயில்களும் பற்றிச் செய்திகளில் சண்டை மட்டுமே வருகிறது. எனது சிங்களம் அலுவலக அளவுக்கே உள்ளது. புதிதாக வருபவள் இந்த விவகாரங்களை எப்படிப் பார்ப்பது?

மறுமொழி: தம்பலகாமத்தார்

கன்னியா நகரிலிருந்து அநுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீற்றரளவில் இருக்கிறது. சதுரமாகக் கட்டிய ஏழு சிறிய கிணறுகள். ஆழம் இடுப்பளவுதான், அடிநிலம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம், உள்ளே இறங்கக் கூடாது. தாய்க்குக் கடமை செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்ற நம்பிக்கையால் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கும் ஆடி அமாவாசைக்கும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போனார்கள். இப்போது தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில், நுழைவுச்சீட்டோடு இருக்கிறது. அங்குள்ள பிள்ளையார் கோயில் நிலம் பற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை போனது. ஆகையால் கிரியை செய்ய எண்ணினால் ஐயர் ஒருவரை முன்னரே பேசி, எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை அவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அம்மாவை வெள்ளனவே கூட்டிச் செல்லுங்கள்; பள்ளி விடுமுறை நாளில் போனால் வரிசையில் நின்று அலுத்துவிடுவார்.

இரண்டாவது கேள்விக்கு எங்கள் ஊரிலிருந்து மறுமொழி சொல்கிறேன். கோணேசர் கோயில் இடிபட்டபோது அடியார்கள் சில திருமேனிகளை எடுத்துக்கொண்டு ஓடிக் கழனிமலையில் ஒளித்துவைத்தார்கள் என்றும், பின்னர் தம்பலகாமத்து வயல்வெளியில் ஆதிகோணேசர் கோயில் எழுந்தது என்றும் எங்கள் வரலாறு. நகரத்தில் 1963 வரை பெருங்கோயில் இல்லாதிருந்த மூன்று நூற்றாண்டுகளும் கோணேசர் வழிபாட்டைத் தொடர்ந்து காத்தது வயலூராகிய தம்பலகாமம்தான். உவர்மலை ஐயா இதைச் சொல்லாமல் விட்டதில் எனக்குச் சிறு மனக்குறை. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் தானத்தார், வரிப்பத்தார் என்று கோயில் ஊழியங்களை வகுத்து, எந்தக் குடும்பம் விளக்கெண்ணெய் கொண்டுவருவது, எது நெல் அளப்பது என்பதுவரை பேசுகிறது. அந்த உரிமைகள் சிலவற்றை இன்றும் விட்டுக்கொடுக்காத குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. திருவிழாக் காலத்தில் காளாஞ்சி என்னும் கோயில் மரியாதை யாருக்கு முதலில் என்பதில் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டால் சரித்திரம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது புரியும்.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளக்கோட்டன் கட்டியது என்று நாங்களும், பண்டைய சிங்கள அரசர்கள் கட்டியது என்று சிங்களவர்களும் சொல்கிறோம். 1986 ஏப்ரலில் அணை உடைந்தபோது வெள்ளம் இருபகுதியாரையும் அடித்தது. வாய்க்கால் முறைப்படி திறக்காவிட்டால் இருபகுதியாரும் ஒன்றாகவே கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய் முறையிடுகிறோம்.

ஒரு நாள் வெல்கம் விகாரைக்குப் போய்வாருங்கள். நம்மவர்கள் நாதனார் கோயில் என்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பள்ளிக்கு விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் கொடைகள் தமிழ்க் கல்வெட்டுகளாகவே அங்கே நிற்கின்றன. விகாரை என்றால் சிங்களம், கோயில் என்றால் தமிழ் என்று இரண்டு பெட்டிக்குள் போட்டுப் பேசும் இரு தரப்பாரும் அந்தக் கற்களுக்கு முன்னால் சற்றுச் சங்கடப்படுவார்கள். செய்தியில் வரும் நிலப்பிணக்குகள் பொய்யல்ல; பல இடங்களில் உழுத காணி பறிபோன வேதனை உண்மையானது. அதை மறைத்து எல்லாம் நல்லிணக்கம் என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அலுவலகத்தில் உங்களுக்கு அடுத்த மேசையில் இருக்கும் கந்தளாய்க்காரர் பெரும்பாலும் தமிழ் பேசுவார். உங்கள் சிங்களத்தைத் திருத்தியும் தருவார். அதை இங்கே வேலை செய்த எவரிடமும் கேட்டறியலாம்.

மறுமொழி: உவர்மலை ஓய்வூதியர்

தம்பலகாமத்தாரின் மனக்குறை நியாயமானது. கிண்ணியா ஆசிரியையின் கண்டிப்பையும் ஏற்றுக்கொள்கிறேன். விடுபட்ட சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பாலையூற்றுப் பக்கத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்களில் முதியவர்கள் வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசுவார்கள், வெளியில் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்கள். அவர்களுடைய கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள். வயலினும் மேளமுமாகக் காபிரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் எழுபது வயதுப் பாட்டியும் உட்கார்ந்திருக்க மாட்டார். மூதூருக்குத் தெற்கே வெருகல் பக்கமாகக் கரையோர வேடர் கிராமங்கள் உண்டு. அவர்களும் தமிழே பேசுகிறார்கள். கதிர்காமத்துக்கு வடக்கேயிருந்து நடந்து செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் ஆண்டின் நடுப்பகுதியில் நகரைக் கடந்து, வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்கிப் போகும். உங்கள் வடமராட்சி முகங்களையும் அந்தக் கூட்டத்தில் காண்பீர்கள், ஏனெனில் யாத்திரை செல்வச்சந்நிதியிலிருந்தே தொடங்குகிறது.

சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைக் காடு மூடி நிற்கக் காணலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டுவீசியபோது அவற்றில் ஒன்று எரிந்தது. நாட்டின் அரசியலில் அந்தத் தாங்கிகள் பெரும் பேச்சு. ஊர்வாசியின் நாளாந்த வாழ்வில் அவற்றைவிட அருகிலுள்ள மாவாலையின் சங்குச் சத்தமே பெரிது.

எழுத்துத் துறையில் நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பிந்தியவர்கள் என்று உங்கள் பக்கத்தில் ஓர் எண்ணம் உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் கொள்ளும் 'மோகனாங்கி'யை 1895இல் சென்னையில் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் ஆசிரியராக இருந்தவராயின் மகிழ்வார். மகனின் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். இராமகிருஷ்ண மிஷன் நடத்திய காலத்தில் சுவாமி விபுலானந்தரின் பொறுப்பில் இருந்த இந்துக் கல்லூரியும், கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியும் நடைதூரத்தில் உள்ளன. தரம் ஏழுக்கு இடைநடுவில் அனுமதி எடுப்பது இலகுவன்று. இடமாற்றக் கடிதத்தின் பிரதியோடு மார்கழிக்கு முன்னரே வலயக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, உவர்மலையில் காற்று நல்லது, வாடகை அதிகம். நகருக்குள் வடகரை வீதியின் ஒழுங்கைகளில் வாடகை குறைவு. மழைக்கு வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள் எவை என்பதை அயலவரிடம் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். கிணற்றுத்தண்ணீர் உவரா நல்லதா என்று ஒரு வாய் குடித்துப் பார்ப்பது நல்லது.

மறுமொழி: திருக்கடலூரான்

தையில் வருவதானால் வாடை முழுதாக விட்டிருக்காது. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக லொறியில் சாமான் ஏற்றும்போது மெத்தையையும் புத்தகப் பெட்டிகளையும் நடுவில் வைத்துத் தார்ப்பாயை இரட்டையாகக் கட்டச் சொல்லுங்கள். இறக்குவதற்கு ஆட்கள் தேவைப்பட்டால் அந்தக் காலத்தில் எங்கள் பையன்கள் கடலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருப்பார்கள். கூலியை முன்னரே பேசிக்கொண்டால் அரை நாளில் முடித்துத் தருவார்கள்.